ஆனையின் நடையும் அடிசறுக்கலும்: சதுரங்க மேதைகளின் தோல்வி குறித்துச் சில சிந்தனைகள்

ஆற்றல் மிக்க ஒருவர் எதிர்பாராத வகையில் தோற்குமிடத்து அதனை விளக்குவதற்குத் தமிழில் ஆயத்தமாக ஒரு பழமொழி உண்டு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவிட்டு அப்பாற் செல்வது வழக்கம். அப்பழமொழியில் ஆறுதல் உண்டு; விளக்கம் இல்லை. சறுக்குதல் என்னும் சொல் குற்றத்தை நிலத்தின்மீது சுமத்திவிடுகின்றது. மழை பெய்திருந்தது, சேறு கிடந்தது, ஆனை விழுந்தது. ஆனையின் நடையைப் பற்றி அது யாதொன்றும் கூறுவதில்லை. சதுரங்கத்திலோ சேறு இல்லை. அறுபத்துநான்கு கட்டங்களும் முப்பத்திரண்டு காய்களும் இருவர் கண்களுக்கும் ஒரேயளவில் வெளிப்படையாக உள்ளன. கவிழ்த்து வைக்கப்பட்ட சீட்டு இல்லை. உருட்டுவதற்குப் பகடை இல்லை. காற்று எத்திசையில் வீசுகின்றது என்ற கவலை இல்லை. அங்கே தோற்பவன் தன் கையாலேயே தோற்கிறான். ஆதலால், மிகச் சிறந்த ஆட்டக்காரரும் ஏன் சிற்சில வேளைகளில் தோற்கின்றனர் என்ற வினா, ஏனைய விளையாட்டுக்களிலும் பார்க்கச் சதுரங்கத்தில் கூர்மை பெறுகின்றது. பழமொழியின் ஆறுதலை ஒதுக்கிவைத்து அவ்வினாவைச் சற்று நெருங்கி நோக்குதல் தகும்.

2006 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆம் நாள் ஜேர்மனியின் பொன் நகரில் நிகழ்ந்த ஆட்டத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அப்பொழுது உலகச் சாம்பியனாக விளங்கியவர் ரஷ்யரான விளாடிமிர் கிராம்னிக். 2000 ஆம் ஆண்டில் கஸ்பரோவைத் தோற்கடித்தவர். எளிதில் வீழ்த்த முடியாத அரண் போன்றவர் எனப் பெயரெடுத்தவர். டீப் பிரிட்ஸ் எனப்பட்ட கணினிச் செய்ந்நிரலோடு ஆறு ஆட்டங்கள் கொண்ட போட்டியொன்றில் அவர் ஈடுபட்டிருந்தார். முதலாவது ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடிய கிராம்னிக், இயந்திரத்துக்குச் சிறிதும் சளைக்காமல் ஆடி வந்தார். 34 ஆவது நகர்த்தலில் தமது அரசியை எதிரியின் அரசிக்கு முன்னே கொண்டுபோய் வைத்தார். அரசிகள் இரண்டும் மாற்றப்பட்டால் எஞ்சும் நிலை தமக்கு வெற்றி என்பது அவர் கணிப்பு. காயை வைத்துவிட்டு அமைதியாக எழுந்தார். கணினியின் சார்பிற் காய்களை நகர்த்துபவர் வெள்ளை அரசியை எடுத்துக் கறுப்பு அரசனின் பக்கத்தில் வைத்தார். இறுதி முற்றுகை! ஒரே நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிட்டது. அரசியை நகர்த்தாது அரசனைப் பக்கத்துக் கட்டத்துக்கு ஒதுக்கியிருந்தால் ஆட்டம் சமநிலையில் முடிந்திருக்கும்.

ஒரு நகர்த்தலில் வரும் முற்றுகையைக் காணுதல் சதுரங்கம் பழகும் சிறுவருக்குக் கொடுக்கப்படும் முதற் பாடங்களுள் ஒன்று. உலகச் சாம்பியன் அதனைக் காணவில்லை. களைத்துப்போயிருப்பார் என்று முடிவுகட்டுவது எளிது. ஆயின் கிராம்னிக் பின்னர் கூறியது அதற்கு இடந்தரவில்லை. தாம் களைப்படைந்திருக்கவில்லை என்றார். நேர நெருக்கடியும் இல்லை. எல்லாவற்றிலும் மேலாக, அக்கணிப்பு அந்த ஒரு கணத்திலே தோன்றியதன்று. ஐந்து நகர்த்தல்களுக்கு முன்னரே, 29 ஆவது நகர்த்தலின்போதே, இதே தொடரை அவர் கணித்திருந்தார். ஒவ்வொரு நகர்த்தலின் பின்னரும் அதனை மீண்டும் மீண்டும் சரிபார்த்ததாகவும், நிகழ்ந்ததற்குத் தம்மால் விளக்கம் கூற இயலவில்லை எனவும் அவர் சொன்னார்.

இவ்வாக்குமூலம் சிந்தனைக்குரியது. கவனக்குறைவினால் வந்த பிழையாயின், இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ சரிபார்க்கும்போது அது அகப்பட்டிருக்க வேண்டும். அகப்படவில்லை. ஏனெனில் அவர் ஒவ்வொரு முறையும் சரிபார்த்தது தாம் முன்னர் சென்ற அதே பாதையை. அப்பாதையிற் பிழை இல்லை. பிழை பாதைக்கு வெளியே, அவர் கண் ஒரு முறையும் செல்லாத ஒரு கட்டத்தில் இருந்தது. அக்கட்டத்தைக் காவல் செய்து வெள்ளை அரசிக்குத் துணைநின்ற குதிரை, பலகையின் எட்டாவது வரிசையில், கறுப்பு அரசனின் சொந்த வரிசையிலேயே நின்றது. குதிரையும் அரசியும் சேர்ந்து முற்றுகையிடும் வகைகள் ஆட்டக்காரர்க்குப் பல பழக்கமானவை. ஆனால் குதிரை அவ்விடத்தில் நின்று துணைபுரிதல் அரிது. பழகிய கண் பழகிய இடங்களையே நாடும். தாம் எழுதிய கட்டுரையின் அச்சுப்படியைத் தாமே திருத்த முற்பட்டோர் இதனை நன்கறிவர். நான்கு முறை படித்தும் தட்டுப்படாத எழுத்துப்பிழை, மலர் வெளிவந்த அன்று முதற்பக்கத்தைப் புரட்டும் அயலவரின் கண்ணில் முதலில் படும். எழுதியவர் படித்தது தாளில் இருந்ததை அன்று. தமக்குத் தெரிந்திருந்ததையே அவர் படித்தார்.

கணினிக்கு இத்தொல்லை இல்லை. அது செக்கனுக்குப் பல மில்லியன் நிலைகளைப் பார்க்கின்றது; அவற்றுட் பெரும்பாலானவை எந்த மனிதனும் பார்க்க வெட்கப்படும் மூடத்தனமான நிலைகள். அரசியை வீணே பலிகொடுப்பதையும் அது ஒருமுறை பார்த்துவிட்டே தள்ளுகின்றது. மனிதனால் அவ்வாறு செய்ய இயலாது. சராசரி நிலையொன்றில் முப்பது வரையான நகர்த்தல்கள் சாத்தியமானவை எனவும், ஆட்டம் முழுவதையும் கருதினால் சாத்தியமான ஆட்டங்களின் தொகை 1 ஐத் தொடர்ந்து 120 பூச்சியங்கள் கொண்ட எண்ணை அண்மும் எனவும் 1950 இலே குளோட் ஷானன் மதிப்பிட்டார். இக்கடலை நீந்திக் கடக்க மனித மூளைக்கு உள்ள வழி ஒன்றே: பெரும்பகுதியைப் பாராமல் விடுதல்.

எதனைப் பாராமல் விடலாம் என்று அறிவதே மேதைமை என்பது மிகைக் கூற்றன்று. ஒல்லாந்து நாட்டு உளவியலாளரும் சதுரங்க ஆட்டக்காரருமான ஏட்ரியான் டி குறூட் 1946 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. அலெகின், இயூவே, கெரஸ் போன்ற அக்காலத்துப் பெரும் ஆட்டக்காரரிடம் ஒரு நிலையைக் காட்டி, சிந்திப்பதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டார். மேதைகள் மற்றையோரிலும் பார்க்கப் பன்மடங்கு தூரம் முன்னோக்கிக் கணிப்பர் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. பெறுபேறு வேறாக இருந்தது. கணித்த ஆழத்திலோ ஆராய்ந்த நகர்த்தல்களின் தொகையிலோ பெரிய வேறுபாடு காணப்படவில்லை. மேதைகள் தொடக்கத்திலிருந்தே நல்ல நகர்த்தல்களை மட்டும் ஆராய்ந்தனர். 1973 இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹேபேட் சைமன் ஆகிய இருவரும் இதனை மேலும் ஒரு படி எடுத்துச் சென்றனர். உண்மையான ஆட்டமொன்றின் நிலையை ஐந்து செக்கன்கள் காட்டி மறைத்தபோது வல்லுநர் காய்களுட் பெரும்பாலானவற்றை நினைவிலிருந்தே அடுக்கினார். தொடக்க ஆட்டக்காரரால் நான்கைந்து காய்களைத்தான் வைக்க முடிந்தது. அதே காய்களை எழுமாற்றாகப் பரப்பிக் காட்டியபோது வல்லுநரின் மேம்பாடு ஏறத்தாழ மறைந்துவிட்டது. வல்லுநர் காய்களைத் தனித்தனியே காண்பதில்லை. எழுத்தறிந்தவன் எழுத்துக்களைக் கூட்டாமற் சொல்லை ஒருங்கே காண்பதுபோல, பழகிய கூட்டங்களாகக் காண்கிறார். சொல்லை ஒருங்கே காண்பவனுக்கே எழுத்துப்பிழை தப்பிப்போகின்றது.

மெரிம் பிலாலிச்சும் அவருடன் இணைந்த ஆய்வாளரும் 2008 இல் வெளியிட்ட பரிசோதனை இவ்விடயத்தில் மிகவும் சுவையானது. ஆட்டக்காரர் எல்லோரும் அறிந்த புகழ்பெற்ற முற்றுகை ஒன்றினால் ஐந்து நகர்த்தல்களில் வெல்லத்தக்க நிலை. அதே நிலையில், அத்துணை அறியப்படாத வேறொரு வழியில் மூன்றே நகர்த்தல்களிலும் வெல்லலாம். மிகக் குறுகிய வழியைக் காணுமாறு கேட்கப்பட்ட வல்லுநர் பலர் பழகிய தீர்வை உடனே கண்டனர். அதனிலும் குறுகிய வழி உண்டா எனத் தேடுவதாகவும் கூறினர். அவர்களுடைய கண்ணசைவைப் பதிவுசெய்த கருவியோ வேறு கதை சொன்னது. கண்கள் பழகிய தீர்வுக்குரிய கட்டங்களையே திரும்பத் திரும்ப வட்டமிட்டன. புதிய வழியைத் தேடுகிறோம் என்று அவர்கள் மனமார நம்பியிருந்தவேளையிலும் கண்கள் பழைய வழியிலேயே நின்றன. பழகிய தீர்வு செல்லுபடியாகாதவாறு ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டதும் மூன்று நகர்த்தல் தீர்வு அவர்களுக்கு உடனே புலப்பட்டது. திறமை கூடக்கூட இப்பொறியில் அகப்படுவோர் தொகை குறைந்தது என்பதையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. அறிவு குருடாக்குகின்றது என்று இதனைக்கொண்டு முழங்குவது தவறு. அறிவு காட்டுகின்றது, காட்டும்போதே ஒரு பக்கத்தை நிழலில் விடுகின்றது. மேதையிடத்து அந்நிழல் சிறியது, ஆனால் இல்லாமற்போவதில்லை.

நிழல் எங்கே விழுகின்றது என்பதைப் பழைய ஆட்டங்கள் சில நன்கு காட்டும். 1892 இல் கியூபாவின் ஹவானா நகரில் ஸ்டைனிட்ஸுக்கும் ரஷ்யரான சிகோரினுக்கும் உலகச் சாம்பியன் போட்டி நடைபெற்றது. 23 ஆவது ஆட்டத்துக்கு முன் ஸ்டைனிட்ஸ் ஒன்பது வெற்றிகளும் சிகோரின் எட்டு வெற்றிகளும் பெற்றிருந்தனர். அவ்வாட்டத்தில் சிகோரின் ஒரு காய் மேலதிகமாக வைத்திருந்தார். வென்றிருந்தால் ஒன்பதுக்கு ஒன்பது. 32 ஆவது நகர்த்தலில் எதிரியின் கோட்டையைத் தாக்குவதற்காகத் தம் மந்திரியை நகர்த்தினார். அம்மந்திரி அதுவரை நின்ற இடத்திலிருந்து தன் அரசனுக்கு முன்னிருந்த காலாளைக் காத்துக்கொண்டிருந்தது. காவல் நீங்கியதும் இரண்டு நகர்த்தல்களில் முற்றுகை, போட்டியும் முடிந்தது. வாயிலில் ஆண்டுக்கணக்காக நிற்கும் காவலாளியை வீட்டார் கண் காண்பதில்லை. அவனை வேறு வேலைக்கு அனுப்பிய பின்னரே அவன் அங்கு நின்றிருந்தது நினைவுக்கு வரும்.

1993 இல் ஒல்லாந்தின் வைக் ஆன் சே நகரில் கார்ப்போவ் பன்னிரண்டே நகர்த்தல்களில் அமெரிக்கரான கிறிஸ்ரியான்சனிடம் தோற்றதும் இத்தகையதே. முன்னாள் உலகச் சாம்பியனாகிய அவர் தம் மந்திரியை இயல்பான ஒரு கட்டத்துக்கு நகர்த்தினார். கிறிஸ்ரியான்சன் தமது அரசியை அது ஆட்டத்தைத் தொடங்கிய கட்டத்துக்கே திருப்பி அனுப்பினார். அங்கிருந்து அது மந்திரியையும் குதிரையையும் ஒருசேரத் தாக்கியது. வீடு திரும்பும் காயொன்று தாக்க வரும் என எவர் எதிர்பார்ப்பார்? பின்னோக்கிய நகர்த்தல்கள் மனிதக் கண்ணுக்கு எளிதிற் புலப்படாதவை என்பது ஆட்டக்காரர் நெடுங்காலமாகக் கூறிவரும் உண்மை.

1956 இல் அம்ஸ்ரர்டாமில் நடந்ததோ இன்னொரு வகை. அபாயத்தை அது பிறப்பதற்கு முன்னரே நுகர்ந்தறிபவர் எனப் புகழ்பெற்ற பெற்றோசியன், புரொன்ஸ்ரைனை முற்றாக முடக்கிவைத்திருந்தார். புரொன்ஸ்ரைனுக்கு நேரமும் இல்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஒரு குதிரையை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். அக்குதிரை ஒருமுறை பெற்றோசியனின் அரசியைத் தாக்கியபடி வந்து நின்றது. பெற்றோசியன் அதனைப் பொருட்படுத்தாது வேறொரு காயை நகர்த்தினார், அரசி போயிற்று. எதிரி செய்வதெல்லாம் பொருளற்றது என்ற முடிவு பத்து நகர்த்தல்கள் சரியாக இருந்து பதினோராவதிற் பிழைத்தது. பலவீனமான நிலையில் இருந்திருந்தால் பெற்றோசியன் அக்குதிரையை ஒரு கணமும் கண்ணிலிருந்து விட்டிருக்கமாட்டார் என்றே கருதத் தோன்றுகின்றது.

இவ்விடத்திற் கணக்கொன்றையும் கவனித்தல் வேண்டும். தோல்வி ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் தேடுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் விடயம் அது. அமெரிக்காவில் பௌதிகவியற் பேராசிரியராக இருந்த ஆர்பட் ஈலோ வகுத்த தரப்படுத்தல் முறையை உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970 இல் ஏற்றுக்கொண்டது. ஓர் ஆட்டக்காரரின் வலிமை ஒரு புள்ளியன்று, ஒரு பரம்பல் என்பதே அம்முறையின் அடிப்படை. ஒரே மனிதர் ஒரு நாள் தம் சராசரிக்கு மேலாகவும் இன்னொரு நாள் கீழாகவும் ஆடுவார். அவ்வேற்றத்தாழ்வின் நியம விலகல் 200 புள்ளிகள் என ஈலோ கொண்டார். இதன்படி 100 புள்ளிகள் உயர்ந்தவர் நூறு ஆட்டங்களில் 64 புள்ளிகளையும், 200 உயர்ந்தவர் 76 புள்ளிகளையும் பெறுவார் என எதிர்பார்க்கலாம். எஞ்சியவை தாழ்ந்தவருக்கு உரியவை. உச்சத்திலுள்ள பத்துப் பதினைந்து பேருக்கிடையே உள்ள இடைவெளியோ பெரும்பாலும் நூறுக்கும் குறைவு. ஆகவே மேதைகள் சிலவேளைகளில் தோற்பது விதிவிலக்கன்று, அளவுகோலிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. வியப்புக்குரியது நீண்டகாலம் தோற்காதிருத்தலே. கப்பபிளாங்கா 1916 முதல் 1924 வரை ஓர் ஆட்டத்திலேனும் தோற்கவில்லை. நியூயோர்க்கில் ரேட்டி அவரை வீழ்த்தினார். நோர்வே நாட்டின் மக்னஸ் கார்ல்சன் 2018 முதல் 2020 ஒக்ரோபர் வரை 125 ஆட்டங்களில் தோல்வியறியாதிருந்து, இறுதியிற் போலந்தின் டூடாவிடம் தோற்றார். அந்த 125 இல் வெற்றி 42, சமநிலை 83. தோல்வியின்மையின் பெரும்பகுதி வெற்றியன்று, தப்புதலே என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

எனினும் பரம்பல் என்பது நிகழ்ந்ததை அளக்குமேயன்றி ஏன் நிகழ்ந்தது எனக் கூறாது. உடலும் நேரமும் காரணமாகலாம். 1984 செப்ரெம்பரில் மொஸ்கோவில் தொடங்கிய போட்டியிற் கார்ப்போவ் 27 ஆட்டங்களின் முடிவில் ஐந்துக்குப் பூச்சியம் என முன்னணியில் இருந்தார். ஆறாவது வெற்றி ஒன்றே தேவை. அது வரவில்லை. மாதங்கள் கடந்தன, கஸ்பரோவ் மூன்று ஆட்டங்களை வென்றார், கார்ப்போவின் நிறை பத்துக் கிலோகிராம் அளவு குறைந்துவிட்டதாகச் செய்திகள் கூறின. 48 ஆட்டங்களின் பின் 1985 பெப்ரவரி 15 இற் போட்டி இடைநிறுத்தப்பட்டது. இருந்த இடத்திலிருந்து காய் நகர்த்துவதற்கு உடல் எதற்கு என வினவுவோர்க்கு இது போதிய விடை. ஆயினும் களைப்பு என்ற காரணம் மிக மலிவாகக் கிடைப்பது. அதனை முதலிற் பற்றிக்கொண்டால் மேலே சிந்திக்க வேண்டியதில்லை.

பார்க்கத் தவறுதலுக்கு நேர்மாறான தோல்வியும் உண்டு. 1972 யூலை 11, ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகர்; பிஷருக்கும் ஸ்பாஸ்கிக்கும் இடையிலான போட்டியின் முதலாவது ஆட்டம். காய்கள் பெரும்பாலும் மாற்றப்பட்டு, சமநிலை என்று கைகுலுக்க வேண்டிய கட்டம். கறுப்பில் ஆடிய பிஷர் தம் மந்திரியால் ஓரத்துக் காலாளை வெட்டினார். அவ்வாறு வெட்டிய மந்திரி பக்கத்துக் காலாள் ஒரு கட்டம் முன்னேறியதும் பொறியில் அகப்படும் என்பது பயிற்சி நூல்களின் முதல் அதிகாரங்களிலே உள்ளது. பிஷருக்கு அது தெரியாதென எவரும் கூறார். பொது விதியை அறிந்தே, இந்நிலையில் அது பொருந்தாதெனக் கண்டதாக அவர் எண்ணியிருத்தல் கூடும். சமநிலையை ஏற்க மனம் ஒப்பாமையும் கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன எனக் கொள்வதே பொருத்தம்: வெல்ல வேண்டும் என்ற வேட்கை விதிவிலக்கைத் தேடச் செய்தது, தேடியவனுக்கு விதிவிலக்கு கிடைத்தது போலத் தோன்றியது. அவ்வாட்டத்தில் அவர் தோற்றார். அடுத்த ஆட்டத்துக்கு வராமையால் அதனையும் இழந்தார். பின்னர் 12½ - 8½ எனப் போட்டியை வென்றார். அதே அடங்காமையே அவ்வெற்றிகளையும் ஈட்டியது என்பதை மறந்து, முதல் ஆட்டத்தின் மந்திரியை மட்டும் எடுத்து வைத்து நகைப்பவர்கள் பிஷரை அரைகுறையாகவே அறிந்தவர்கள்.

இருவர் ஒரே வேளையிற் குருடாதலும் நிகழ்ந்திருக்கின்றது. 2014 நவம்பர் 15 இல் ரஷ்யாவின் சோச்சி நகரில் கார்ல்சனுக்கும் சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்துக்கும் இடையே உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம். அதுவரை இருவரும் சமமாக இருந்தனர். 26 ஆவது நகர்த்தலிற் கார்ல்சன் தம் அரசனை ஒரு தவறான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் தம் குதிரையால் நடுக்காலாளை வெட்டியிருந்தால் ஆட்டமே தலைகீழாக மாறியிருக்கும். கையை எடுத்த மறுகணமே கார்ல்சன் தம் பிழையைக் கண்டார். முகத்தில் எதுவும் தெரியாதிருக்க முயன்றவாறு காத்திருந்தார். ஆனந்தோ தாம் முன்னரே எண்ணியிருந்தபடி ஓரத்துக் காலாளை முன்னே தள்ளினார். தள்ளிய பின்னரே தவறவிட்டது தெரிந்தது. எதிர்பாராத கொடையைச் சிலவேளைகளில் எடுத்துக்கொள்ளத் தெரிவதில்லை என்ற கருத்துப்பட ஆனந்த் பின்னர் கூறினார். அவ்வாட்டத்தையும் போட்டியையும் கார்ல்சனே வென்றார்.

ஆனந்தின் கூற்றில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. தொடக்க ஆட்டக்காரர் எதிரியை நம்புவதில்லை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும், எதையாவது வெட்டலாமா என்று பார்ப்பார். மேதையோ தமக்கு நிகரானவரோடு ஆடும்போது எதிரியின் அறிவையும் தம் கணிப்பிற் சேர்த்துக்கொள்கிறார். கார்ல்சன் அங்கே அரசனை வைத்தாரெனின் அது பாதுகாப்பான இடமாகத்தான் இருக்கும், பார்க்கத் தேவையில்லை. ஆயிரம் தடவை நேரத்தை மிச்சப்படுத்தித் தரும் மதிப்பு இது. இத்தகைய மதிப்பு இன்றி உயர்மட்ட ஆட்டம் நடைபெறவே முடியாது. கற்றோர் கூடிய அவைகளிலும், பெரியவர் ஒருவர் எடுத்தாண்ட மேற்கோளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமலே அடுத்தவர் எடுத்தாள்வதும், அவரிடமிருந்து இன்னொருவர் பெறுவதும் நிகழ்வதுண்டு. அங்கே மணிக்கூடு ஓடுவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இறுதியாக 2024 டிசெம்பர் 12, சிங்கப்பூர். சீனாவின் டிங் லிரென் 2023 இல் உலகச் சாம்பியனானவர். அதற்கு முன்னர் நூறு ஆட்டங்கள் தொடர்ச்சியாகத் தோல்வியறியாது ஆடியவர். பட்டம் பெற்றபின் உள்ளம் தளர்ந்திருந்ததை அவர் மறைக்கவில்லை. சென்னையின் பதினெட்டு வயது குகேஷ் அவரை எளிதில் வென்றுவிடுவார் என்றே பலரும் எழுதினர். அவ்வாறு நடக்கவில்லை. டிங் முதலாவது ஆட்டத்தை வென்றார். பின்தங்கியபோது 12 ஆவது ஆட்டத்தை வென்று சமன் செய்தார். 13 ஆட்டங்களின் முடிவில் 6½ - 6½. 14 ஆவது ஆட்டமே கடைசி. அது சமநிலையில் முடிந்தால் மறுநாள் விரைவு ஆட்டங்கள். அவற்றில் டிங்கின் கை ஓங்கும் எனக் கருதப்பட்டது.

வெள்ளையில் ஆடிய டிங்கிடம் ஒரு கோட்டை, ஒரு மந்திரி, இரு காலாட்கள். குகேஷிடம் ஒரு காலாள் கூட. காலாட்கள் யாவும் பலகையின் ஒரே பக்கத்தில் இருந்தன. இத்தகைய நிலை பொறுமையோடு காத்தாற் சமநிலையில் முடியும். 55 ஆவது நகர்த்தலில் டிங் தம் கோட்டையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். கோட்டைகள் நீங்கி, ஒரே நிறக் கட்டங்களில் இயங்கும் மந்திரிகள் மட்டும் எஞ்சினால் மூன்றுக்கு இரண்டு என்ற காலாள் நிலை எளிய சமநிலை என்பது முடிவாட்டம் கற்றோர் எல்லோரும் அறிந்தது. அவ்வறிவு பிழையன்று. டிங்கின் மந்திரி அப்பொழுது பலகையின் தூரத்து மூலையில் நின்றது என்பதே பிழை. குகேஷின் மந்திரி எதிரே வந்து மறித்ததும் அதற்குத் தப்பிச்செல்ல வழியில்லை. மந்திரிகளும் மாற, ஒரு காலாள் மேலதிகமாக உள்ளவனுக்கு வெற்றி. மூன்று நகர்த்தல் தூரம். இவ்வளவு தூரத்தைச் சிறுவரும் கணிப்பர். ஆட்டத்தை விரைவில் அமைதியான கரைக்குக் கொண்டுசெல்ல விரும்பிய மனத்துக்குச் சமநிலை என்ற பழகிய முடிவு முதலில் தெரிந்தது. தெரிந்ததும் மூலையைப் பார்க்கும் தேவை மறைந்தது எனலாம். பிஷரை அமைதி வேண்டாத மனம் வீழ்த்தியது. டிங்கை அமைதியை நாடிய மனம்.

குகேஷும் உடனே காணவில்லை என்பதே இங்கு மறக்கத்தகாதது. தம் கோட்டையை வேறிடத்துக்கு நகர்த்த இருந்ததாகவும், மந்திரி அகப்படுவது அதன் பின்னரே கண்ணிற் பட்டதாகவும் அவர் பின்னர் கூறினார். சோச்சியில் ஆனந்தின் கை முந்திவிட்டது. சிங்கப்பூரில் குகேஷின் கை நின்றது. அவரிடம் நேரம் தாராளமாக இருந்தது. டிங்கிடம் அவ்வளவு இருக்கவில்லை. கண்டதும் அவர் முகம் மாறிய காட்சியை உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரியின் முகத்திலிருந்தே டிங் தம் பிழையை அறிந்திருக்கலாம்.

58 ஆவது நகர்த்தலின் பின் டிங் தோல்வியை ஏற்றுக் கையொப்பமிட்டார். குகேஷ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போலக் காய்களை ஒவ்வொன்றாகத் தொடக்க நிலையில் அடுக்கினார். செய்தியாளர் முன்னிலையில் டிங் பழமொழி எதனையும் நாடவில்லை. தாம் செய்த பிழையை உணரச் சற்று நேரம் எடுத்தது என்றார். அவ்வாண்டில் தாம் மிக நன்றாக ஆடிய போட்டி இதுவே என்றார். முந்திய நாள் ஆட்டத்தில் தாம் தப்பியது நற்பேறு. அதனைக் கருதினால் இறுதியில் தோற்றது நியாயமானதே, வருத்தம் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து சென்றார்.